முப்பத்தைந்து சதவீதம்

அந்தப் பெஞ்சில் உட்காராதேம்மா, ஒரு கால் ஆடும். போன வருஷம் வந்தபோதும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. இங்கே வா. பையைக் கீழே வைக்காதே, இப்போதுதான் ஃபினாயில் போட்டுத் துடைத்துவிட்டுப் போனார்கள். டோக்கன் எத்தனை? முப்பத்தொன்றா? சாப்பாட்டு வேளைக்கு முன்னால் உன்னைக் கூப்பிட மாட்டார்கள். எனக்கு இருபத்துமூன்று. பத்தொன்பது இப்போதுதான் உள்ளே போயிருக்கிறது.

ஆன்ட்டி எல்லாம் வேண்டாம், அக்கா போதும்.

உன் பிள்ளைதானே, தோளில் தூங்குவது? எழுப்பாதே, காலையிலேயே பார்த்துவிட்டார்கள் இல்லையா, இனி அவளிடம் அவர்களுக்கு வேலை இல்லை. பெண்தானே? முடி வெட்ட விடமாட்டாள், அதனால் தூங்கும்போது நீயே கத்திரிக்கோலை எடுத்திருக்கிறாய். எப்படித் தெரிந்ததா? பின்பக்கம் படிக்கட்டு மாதிரி இருக்கிறதே! நானும் பத்து வருஷம் அந்தப் படிக்கட்டை வெட்டியவள்தான்.

அதோ, ஜன்னல் கம்பியை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகிறாளே, மஞ்சள் சுடிதார், அவள் என் மகள். சம்யுக்தா. பத்தொன்பது வயது. கடைசிக் கம்பி வரை போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி வருவாள். பார்த்தால் தெரியவில்லை, இல்லையா? எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். 'பாத்தா தெரியவே இல்லையே மேடம்!' அப்படித் தெரியாமல் இருப்பதற்கு நான் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறேன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

நான் குறை சொல்கிறவள் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நீயும் சான்றிதழுக்குத்தானே? இந்த வராந்தாவில் இருக்கிற அத்தனை பேரும் அதற்குத்தான். மாற்றுத்திறனாளி சான்றிதழ். அது இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது. சின்ன வயதிலேயே வாங்க வந்தாயே, அந்த மட்டில் நீ கெட்டிக்காரி. நான் வாங்கவில்லை. பதினெட்டு வருஷம் வாங்கவில்லை. எதற்கு என் பெண்ணுக்கு ஒரு முத்திரை என்று இருந்தேன். நான் படித்த கான்வென்ட் ஸ்கூலில் சிஸ்டர் கிளமென்ஷியா சொல்வார், உங்களைப் பற்றி மற்றவர்கள் எழுதுவதற்கு முன்னால் நீங்களே நன்றாக எழுதிவிடுங்கள் என்று. அது கையெழுத்துப் போட்டிக்குச் சொன்னது. நான் எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொண்டேன்.

இவளுக்கு இரண்டரை வயதில் குழந்தை டாக்டரிடம் போனேன். 'பேச்சு லேட்டா வரும்மா. உங்க வீட்டுக்காரர் எப்போ பேச ஆரம்பிச்சார்?' என்றார். இன்னும் ஆரம்பிக்கவில்லை டாக்டர் என்றேன். சிரித்துவிட்டு டானிக் எழுதினார். அப்புறம் ஒரு தெரபி சென்டர், செல்போன் கடைக்கு மாடியில். ஒரு சின்னப்பெண் பந்தை எறிவாள், இவள் பார்த்துக்கொண்டு நிற்பாள். முக்கால் மணி நேரம். பந்தை ஓடி ஓடிப் பொறுக்கினது நான். எனக்கு அந்த வருஷம் இடுப்புச் சதை நன்றாகக் குறைந்தது. அப்புறம் பள்ளிக்கூடங்கள். 'எங்களுக்கு ஒண்ணும் அப்ஜெக்‌ஷன் இல்லை, மத்த பேரன்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க.' அந்த மற்றப் பேரன்ட்ஸை நான் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் அவர்கள்தான் முடிவெடுக்கிறார்கள்.

கடைசியில் ஒரு சிறப்புப் பள்ளி கிடைத்தது. நல்ல பள்ளி, பொய் சொல்லக்கூடாது. பத்து வருஷம் அங்கே போனாள். பதினெட்டாவது பிறந்தநாளுக்கு கேக் வெட்டினார்கள். கேக்கை வெட்டி, எல்லாருக்கும் ஊட்டி, அவள் அங்கே வைத்திருந்த மாற்றுத்துணியையும் தட்டையும் டம்ளரையும் ஒரு கட்டைப்பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். பதினெட்டு வரைக்கும்தான் எடுப்பார்களாம். 'அதுக்கப்புறம்?' என்றேன். 'வீட்ல பாத்துக்குங்க மேடம்' என்றார் அந்த சார். அவர் உதட்டு ஓரத்தில் க்ரீம் இருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து தேட ஆரம்பித்தேன். எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, உன்னையும் சேர்க்கச் சொல்கிறேன், நம்பர் கொடு. இருநூறு அம்மாக்கள். தினமும் ஒருத்தி கேட்பாள், 'பதினெட்டு வயசுக்கு மேல சேர்த்துக்கிற இடம் யாருக்காவது தெரியுமா?' அதற்குக் கீழே இருபது பேர் கைகூப்புகிற படம் போடுவார்கள். முப்பது பேர் 'எனக்கும் சொல்லுங்க' என்பார்கள். கேள்வி இருக்கும், கும்பிடு இருக்கும், பதில் மட்டும் இருக்காது. அதில் எட்டு மாதம் தோண்டி ஒரே ஒரு விலாசம் எடுத்தேன்.

பைபாஸ் பக்கம், ஒரு வீடு. நம்மைப்போல நாலு குடும்பம் சேர்ந்து நடத்துகிறார்கள். காலையில் விட்டுவிட்டுச் சாயங்காலம் கூட்டிக்கொண்டு வரலாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் பத்து நாள்வரை அங்கேயே தங்கவும் வைத்துக்கொள்வார்கள். நான் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தேன், இந்த மாதிரி இடத்துக்குச் சொல்லிக்கொண்டு போனால் அன்றைக்கு மட்டும் பூ வைத்திருப்பார்கள். கழிவறையைப் பார்த்தேன், சுத்தம். நாலைந்து பெரிய பெண்கள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சப்பாத்தி ஆப்பிரிக்கா மாதிரி, ஆஸ்திரேலியா மாதிரி வந்தது. ஒருத்தரும் கத்தவில்லை. ஜெபமணி என்று ஓர் அம்மாள் பொறுப்பு. 'தாராளமா விடுங்கம்மா. சர்டிபிகேட்ல குறைபாடு நாற்பது சதவீதமோ அதுக்கு மேலயோ இருக்கணும், அவ்வளவுதான். அது இல்லாம சேர்த்தா எங்களை மூடிருவாங்க' என்றார்.

நாற்பது. எனக்குச் சிரிப்பு வந்தது. என்ன பிரமாதம், வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

எதற்கு இவ்வளவு அவசரம் என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எனக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும். கட்டி. மாதத்தில் இருபது நாள் உதிரம் போகிறது. ரத்தம் ஏழுதான் இருக்கிறதாம். டாக்டரம்மா இரண்டு தடவை ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்து இரண்டு தடவையும் நான் போகவில்லை. மூன்றாவது தேதி வருகிற இருபது. 'இதையும் தள்ளினா என்கிட்ட வராதீங்க, ஆம்புலன்ஸ்ல நேரா எமர்ஜென்சிக்குப் போயிருங்க' என்று வாயால் சொல்லிவிட்டாள். இவர் ராஞ்சியில், பேங்க் மேனேஜர். தினமும் போன் பண்ணி 'என்ன ஆச்சு?' என்பார். லீவு போட்டு வந்தாலும் என்ன செய்வார் பாவம்? வயசுக்கு வந்த பெண். அப்பா குளிப்பாட்ட முடியுமா? ஐந்து நாள் ஆஸ்பத்திரி, அப்புறம் ஆறு வாரம் குனியக்கூடாது. அந்த பைபாஸ் வீட்டை விட்டால் எனக்கு வேறு நாதி இல்லை. சான்றிதழ் இருந்தால் அந்த வீடு. அந்த வீடு இருந்தால் ஆபரேஷன். கணக்கு சுலபம்.

போன வருஷம் வந்தேன். இதே வராந்தா, வேறு டாக்டர். மூன்று வாரம் முன்னாலிருந்தே சம்யுவைத் தயார் பண்ணினேன். பெயர், அப்பா பெயர், வீட்டு நம்பர், தெரு. 'குட் மார்னிங் டாக்டர்.' 'ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ.' கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவளுக்குக் கண்ணைப் பார்ப்பது எரிகிற மாதிரி. மூக்கைப் பார், டாக்டருக்கு வித்தியாசம் தெரியாது என்று சொல்லிக்கொடுத்தேன். புது சுடிதார். தலைக்குக் குளிப்பாட்டி, இரட்டைப் பின்னல். உள்ளே போய் என்ன அழகாகச் சொன்னாள் தெரியுமா! டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அப்புறம் என்னிடம் கேள்விகள். ஒரு பெரிய பட்டியல். இவள் என் பக்கத்து நாற்காலியில். தானாகச் சாப்பிடுவாளா? எஸ் டாக்டர், ஷி கேன். தானாக உடுத்துவாளா? எஸ் டாக்டர், ஷி கேன். கூப்பிட்டால் திரும்புவாளா, ஆபத்து தெரியுமா, கழிவறைக்குப் போவாளா, மாதவிலக்கு சமாளிப்பாளா? எஸ் டாக்டர். எங்கள் ஸ்கூலில் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். நேராக உட்கார், முழு வாக்கியமாகப் பதில் சொல். 'நோ' என்று ஆரம்பிக்கிற பதிலை சிஸ்டர் காதில் வாங்கவே மாட்டார்.

எங்களுக்கு அடுத்து ஒருத்தி, நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. முதல் கேள்விக்கே தலையில் அடித்துக்கொண்டாள். 'ஒண்ணுமே தெரியாதுய்யா, எம்புள்ளைக்கு ஒண்ணுமே தெரியாது!' பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து தன் ஷூ லேஸைத் தானே கட்டிக்கொண்டிருந்தான்! அம்மா அடித்துக்கொள்வதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கட்டினான். அவனுக்கு எழுபத்தைந்து.

என் பெண்ணுக்கு முப்பத்தைந்து.

நான் படித்த காலத்தில் முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். இங்கே முப்பத்தைந்துக்கு ஃபெயில். 'சந்தோஷப்படுங்க மேடம், பொண்ணை நல்லா கொண்டுவந்திருக்கீங்க' என்று எழுந்து கை கொடுத்தார். நானும் தேங்க் யூ டாக்டர் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, அந்த ஆடுகிற பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். மனுஷனுக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. இத்தனை வருஷம் படித்து, ஒரு பிள்ளையைப் பார்த்தால் தெரிய வேண்டாமா? அந்த ஆளால்தான் எனக்கு ஒரு வருஷம் போயிற்று. மேல்முறையீடு, மனு, கலெக்டர் ஆபீஸ், 'அடுத்த புதன் வாங்க', 'சார் கேம்ப்புக்குப் போயிருக்கார்'. அதற்குள் இந்தக் கட்டி ஓர் எலுமிச்சம்பழத்திலிருந்து சாத்துக்குடி ஆகிவிட்டது.

என்ன? சொல்லு, முணுமுணுக்காதே.

நான் ஏன் எல்லாம் செய்வாள் என்று சொன்னேன் என்றா? செய்வாளே! பொய்யா சொன்னேன்? பல் தேய்ப்பாள், பிரஷ்ஷை நான் பிடித்துக்கொண்டால். குளிப்பாள். தண்ணீர் நான் ஊற்றுவேன், சோப்பு நான் போடுவேன், துவட்டுவது நான். மற்றதெல்லாம் அவள்தான். சாப்பிடுவாள், உருட்டிக் கையில் கொடுத்தால். மாதத்தில் அந்த மூன்று நாள் விஷயம்... அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்? அப்புறம் என்ன? ரோட்டில் என் கையை விட்டால் லாரிக்கு நேராக நடப்பாள்தான், ஆனால் நான் என்றைக்குக் கையை விட்டிருக்கிறேன்?

நீ இப்படிப் பார்க்காதே. உன் பிள்ளைக்கு நாலு வயது. உனக்கு இன்னும் எதுவும் தெரியாது.

சரி, கோபப்படவில்லை. இந்தா, தண்ணீர் குடி. வாய் வைக்காமல் குடிப்பாய் இல்லையா?

உன்னிடம் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள். இவளுக்கு எட்டு வயது இருக்கும்போது பெரிய பேர் உள்ள ஓர் ஆளிடம் போனோம். ஆறு மாதம் காத்திருந்து கிடைத்த நேரம். இவளைப் பத்து நிமிஷம் பார்த்தார். இவள் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் உதவியாளரிடம் சொன்னார், இவள் காது கேட்கத்தான் சொன்னார். 'இது தேறாது. அடுத்த கேஸை வரச்சொல்லு.'

இவளுக்குச் சொந்தமாகப் பேச்சு வராதே தவிர, கேட்டதைத் திருப்பிச் சொல்வாள். கேட்ட குரலிலேயே. ஒரு சுருதி மாறாது. நாலு மாதம். 'இது தேறாது. அடுத்த கேஸை வரச்சொல்லு.' தலையில் தண்ணீர் ஊற்றும்போது சொல்வாள். சோற்று உருண்டையைக் கையில் வாங்கும்போது சொல்வாள். கண்ணாடி முன்னால் நிறுத்திப் பொட்டு வைத்தால் கண்ணாடியைப் பார்த்துச் சொல்வாள், அந்த ஆளுடைய கட்டைக் குரலில். அர்த்தம் தெரியாமல் சொல்கிறாள் என்று எல்லாரும் சொன்னார்கள். சொல்லும்போது தன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள். அர்த்தம் தெரியாதவள் எதற்காகக் கடிக்கிறாள்?

அதிலிருந்து எங்கள் வீட்டில் சட்டம். அவள் முன்னால் ஒருத்தரும் 'முடியாது', 'தெரியாது' என்று அவளைப் பற்றிச் சொல்லக்கூடாது. இவர் போனில் கேட்டால்கூட 'ஆல் ஃபைன்' என்பேன். போன வருஷம் இங்கிருந்து போய் ஒரு மாதம் 'எஸ் டாக்டர், ஷி கேன்' என்று என் குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சொல்லப்போனால், என் வாழ்க்கையில் என் குரலை அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்ட மாதிரி இருந்தது.

இப்போது அந்தக் கதவுக்குள் போய், இவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, இவளுக்குக் குளிக்கத் தெரியாது, இவளுக்குக் கழுவிக்கொள்ளத் தெரியாது, நான் செத்தால் இவள் மூன்று நாள்கூடத் தாங்க மாட்டாள் என்று சொன்னால், அதை நான் எத்தனை மாதம் கேட்க வேண்டும்? அதுவும் என் குரலில். அந்த நைட்டிக்காரியின் பிள்ளை சிரித்துவிட்டுப் போய்விட்டான். என் பெண் சிரிக்க மாட்டாள்.

இன்று காலையிலும் பார்த்தார்கள். இந்த டாக்டர் புதிது, சின்னப் பெண். சம்யு அவள் மூக்கைப் பார்த்து 'குட் மார்னிங் டாக்டர், ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ' என்றாள். நான் இந்தத் தடவை சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியமாக. பழைய பாக்கி, உள்ளே இருந்திருக்கிறது. அந்த டாக்டர் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினாள். அவள் சிரித்ததும், போயிற்று, மறுபடியும் முப்பத்தைந்துதான் என்று நினைத்தேன். 'சரிம்மா, மத்ததை உங்ககிட்ட கேட்டுக்கறேன். பாப்பா வெளியில இருக்கட்டும், நீங்க மட்டும் வாங்க' என்றாள். வெளியில் என்றால் யாரிடம்? சொல்வது சுலபம். இவளையும் உள்ளே கூட்டிக்கொண்டுதான் போகப்போகிறேன். வேறு வழி?

என்ன சொன்னாய்?

நீ பார்த்துக்கொள்கிறாயா? நீயா? உன் தோளில் ஒன்று தூங்குகிறது, கையில் ஃபைல், பை. நீ என்னத்தைப் பார்த்துக்கொள்வாய்? அந்தப் பள்ளியைத் தவிர, பத்தொன்பது வருஷத்தில் நான் இவளை ஒருத்தரிடமும் பத்து நிமிஷம் விட்டதில்லை. நாத்தனாரிடம் விட்டதில்லை. பெற்ற தாய் கேட்டபோதே விடவில்லை. உன் பெயர்கூட எனக்குத் தெரியாது.

மும்தாஜா. சரி. பெயர் தெரிந்துவிட்டால் ஆயிற்றா?

இருபத்தொன்று போயிற்றா அதற்குள்? இருபத்திரண்டைக் காணோமா? ஆள் டீ குடிக்கப் போயிருப்பார். எப்போதும் நம் முறை வரும்போதுதான் இந்த ஆஸ்பத்திரிக்கு வேகம் வரும்.

'இருபத்திமூணு! சம்யுக்தா அம்மா!'

வருகிறேன், கத்தாதீர்கள்! காது கேட்கிறது. ஒரு நிமிஷம்.

இங்கே வாடி, சம்யு. வா கண்ணு. இது மும்தாஜ் ஆன்ட்டி. அக்கா. ஏதோ ஒன்று. அம்மா இதோ வந்துவிடுவேன்.

கேட்டுக்கொள், இரண்டு தடவை சொல்ல மாட்டேன். கையைப் பிடிக்காதே, உதறுவாள். துப்பட்டா நுனியைக் கொடு, அவளே பிடித்துக்கொள்வாள். இங்கே நிற்காதே, இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, உள்ளே பேசுவது எல்லாம் கேட்கும். நேராகப் போ, எக்ஸ்ரே அறையைத் தாண்டி, அங்கே திரும்பினால் இன்னொரு நீள வராந்தா இருக்கிறது, முப்பது நாற்பது கம்பி இருக்கும். ஒவ்வொன்றாகத் தொடட்டும், அவசரப்படுத்தாதே. ஏதாவது சொன்னால் பதில் சொல்ல வேண்டியதில்லை, 'ம்' போடு. மாடிப்படிப் பக்கம் மட்டும் போகாதே. கால் மணி ஆகும். எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நல்லது, பிடித்துக்கொண்டாள் பார். உன் துப்பட்டா பழசுதானே? கசங்கும்.

போங்கள் இரண்டு பேரும். நீங்கள் அந்தத் திருப்பத்தைத் தாண்டின பிறகுதான் நான் உள்ளே போவேன், இவர்கள் கத்தினாலும் சரி. நட மும்தாஜ். திரும்பிப் பார்க்காதே. நீ பார்த்தால் அவளும் பார்ப்பாள்.